கரண்ட் சைக்கிள் நின்றுபோனால் எங்கே தொடங்கிப் பார்ப்பது?

மின்சார மவுன்டன் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பதறிப்போய்ச் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: "மோட்டார் போயிடுச்சு போல." போய்ப் பார்த்தால் மோட்டார் கல்லுக்குண்டாக இருக்கும். பிரேக் லீவர் முழுசாகத் திரும்பி வராமல் நின்றிருக்கும். இல்லையென்றால் பின்சக்கரக் கம்பியில் மாட்டியிருந்த சின்னக் காந்தம் நகர்ந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் பேட்டரி தன் இடத்தில் 'டக்' என்று உட்காராமல் அரைகுறையாக மாட்டியிருக்கும். இந்த வண்டியில் எளிதில் கெடாத பொருள்களில் மோட்டாரும் ஒன்று. விலை அதிகம் என்பதாலோ என்னவோ, எல்லோருடைய சந்தேகமும் முதலில் அதன்மேல்தான் விழுகிறது.

வேலூர்ப் பக்கம் இந்த வண்டிகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. விடிவதற்குள் பாகாயம் தாண்டிப் பாலமதி மலை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகிறவர்கள், லீவு நாளில் ஏலகிரிக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி வந்துவிட்டது, அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கடை இன்னும் எல்லாத் தெருவுக்கும் வரவில்லை. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவரே கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மின்சாரம் போகும் வழி

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். பின்சக்கரத்தின் நடுவில் தடித்த உருளை ஒன்று இருந்தால் அது ஹப் மோட்டார். மிதிக்கும் கிராங்க் பக்கத்தில், சட்டத்தோடு சேர்ந்து மோட்டார் இருந்தால் அது மிட் டிரைவ். நம் ஊரில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை 36 வோல்ட் பேட்டரியும் 250 வாட் ஹப் மோட்டாரும் கொண்டவை. இதற்குச் சட்டமும் ஒரு காரணம். மோட்டார் 250 வாட்டையும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரையும் தாண்டாத வண்டிக்குப் பதிவெண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். அந்த வேக வரம்பைத் திறந்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், சட்டப்படி உங்கள் சைக்கிள் அப்போதே சைக்கிள் இல்லாமல் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பேட்டரியிலிருந்து மின்சாரம் கன்ட்ரோலருக்குப் போகிறது, கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போகிறது. பேட்டரிக்குள்ளேயே பிஎம்எஸ் என்ற சின்ன சர்க்யூட் ஒன்று காவலுக்கு இருக்கிறது. மின்னழுத்தம் மிகவும் இறங்கினாலோ, மின்சாரம் அளவுக்கு மீறி இழுக்கப்பட்டாலோ அது கதவைச் சாத்திவிடும். இவ்வளவுதான் பெரிய பாதை.

புதியவர்கள் தவறவிடும் இடம் இதற்குப் பக்கத்தில் இருக்கிறது. கன்ட்ரோலர் தன் இஷ்டத்துக்கு மோட்டாரை ஓட்டாது. பெடலில் ஒரு சென்சார், சக்கரத்தில் ஒரு சென்சார், இரண்டு பிரேக் லீவரிலும் ஆளுக்கொரு ஸ்விட்ச், இவை எல்லாம் சரி என்று சொன்னால்தான் மின்சாரத்தை விடும். கல்யாண வீட்டில் இலை போட்டு, சோறு வடித்து, எல்லாம் தயாராக இருக்கும்போது சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் "கொஞ்சம் இருங்க" என்று கை காட்டினால் பந்தி நிற்கும் இல்லையா, அதுபோல. சமையலில் குறை இல்லை. ஒருவர் தலையாட்டவில்லை, அவ்வளவுதான். வண்டி நின்றுபோனால் சமையலறைக்குள் ஓடாமல், தலையாட்டாதவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் பழுது பார்ப்பதன் முதல் வேலை.

தலையாட்டாதவரைக் கண்டுபிடிப்பது

ஹேண்டில்பாரில் இருக்கும் திரை எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் பிரச்சினை பேட்டரி பக்கம்: சரியாக மாட்டவில்லை, சாவி திரும்பவில்லை, ஃபியூஸ் போயிருக்கிறது, அல்லது திரைக்குப் போகும் ஒயர் கழன்றிருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, தொடும் தகடுகளைப் பார்த்து, மறுபடி அழுத்தி மாட்டுங்கள். நிறைய வண்டிகள் இந்த இடத்திலேயே எழுந்துகொள்ளும்.

திரை எரிகிறது, ஆனால் மோட்டார் ஓடவில்லை என்றால் த்ராட்டில் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. த்ராட்டிலைத் திருகினால் ஓடுகிறது, மிதித்தால் ஓடவில்லை என்றால் பேட்டரி, கன்ட்ரோலர், மோட்டார் மூன்றும் நன்றாக இருக்கின்றன; குறை பெடல் சென்சாரில். மிதித்தால் ஓடுகிறது, த்ராட்டிலுக்கு அசையவில்லை என்றால் குறை த்ராட்டிலில். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பிரேக் ஸ்விட்ச் மீது.

பிரேக் ஸ்விட்ச் என்பது பாதுகாப்புக்காக வைத்தது. பிரேக் பிடித்த அந்த நொடியே மோட்டார் நிற்க வேண்டும். லீவருக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச்சுக்கு நீங்கள் பிரேக் பிடித்திருக்கிறீர்களா, அல்லது செம்மண் தூசி புகுந்து லீவர் பாதியில் நிற்கிறதா என்ற வித்தியாசம் தெரியாது. வண்டி ஒருமுறை கீழே விழுந்து லீவர் கொஞ்சம் வளைந்திருந்தாலும் இதே கதைதான். சில திரைகளில் பிரேக் பிடித்தால் ஒரு அடையாளம் எரியும். கையை எடுத்த பிறகும் அது எரிந்துகொண்டே இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அடையாளம் வராத வண்டியில் லீவரை விரலால் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, லீவரிலிருந்து வரும் ஒயரின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் அந்த ஸ்விட்ச்சைக் கழற்றினால் தடை நீங்கி மோட்டார் சுற்றும். சுற்றினால் எந்த லீவர் என்று தெரிந்துவிட்டது. கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சோதனை முடிந்ததும் ஒயரைத் திரும்ப மாட்டிவிடுங்கள். "இப்படியே நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், மலைச்சரிவில் அது வேண்டாத வேலை.

பெடல் சென்சார் எளிமையானது. கிராங்குக்குப் பின்னால் ஒரு வட்டத் தகட்டில் சின்னச் சின்னக் காந்தங்கள் பதித்திருக்கும். எதிரில் சட்டத்தோடு ஒட்டி ஒரு சென்சார் இருக்கும். காந்தம் கடந்துபோவதை அது எண்ணுகிறது. எண்ணிக்கை வந்தால் நீங்கள் மிதிக்கிறீர்கள் என்று பொருள். இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். சேறு அப்பிக்கொண்டாலோ, வட்டத் தகடு விலகினாலோ எண்ணிக்கை நின்றுவிடும். துடைத்துவிட்டு, தகட்டைச் சென்சார் பக்கம் நகர்த்தினால் போதும். விலை கூடிய வண்டிகளில் டார்க் சென்சார் இருக்கும். நீங்கள் எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்பதையும் அது அளக்கும். அதில் கை வைக்காதீர்கள். ஒன்று மட்டும்: திரையை ஆன் செய்யும்போது பெடல் மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் அது தவறான இடத்திலிருந்து அளக்கத் தொடங்கும். காலை எடுத்துவிட்டு அணைத்து, மறுபடி ஆன் செய்து பாருங்கள்.

சக்கர வேகத்துக்கு ஒரு காந்தம் பின்சக்கரக் கம்பியில் இருக்கும். முட்செடிக்குள் புகுந்து வந்தால் இது திரும்பிக்கொள்ளும். திரையில் வேகம் பூஜ்யமாகவே இருக்கிறது, கொஞ்ச தூரம் மோட்டாரின் உதவி வந்து நின்றுவிடுகிறது என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். பாஷ் மோட்டார் உள்ள வண்டியில் 503, ஷிமானோவில் டபிள்யூ011, பஃபாங்கில் 21 என்று திரை காட்டினால் மூன்றுக்கும் அர்த்தம் ஏறத்தாழ ஒன்றுதான்: வேகம் எனக்குத் தெரியவில்லை. காந்தத்தைச் சென்சாருக்கு நேராகத் திருப்பி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில ஹப் மோட்டார்களில் வேக சென்சார் மோட்டாருக்கு உள்ளேயே இருக்கும். அவற்றில் வெளியே காந்தம் தேடாதீர்கள்.

திரையில் வரும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கம்பெனியின் 21 இன்னொரு கம்பெனியின் 21 ஆகாது. யாரோ யூடியூபில் சொன்னதை வைத்து மோட்டாரைப் பிரிக்காமல், உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

மோட்டார் உறுமுகிறது, குலுங்குகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் மோட்டார் ஒயர் கனெக்டர் முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த வட்டக் கனெக்டர்களில் இரண்டு பக்கமும் அம்புக்குறி இருக்கும். இரண்டையும் நேராக வைத்து, திருகாமல், நேரே தள்ள வேண்டும். பலம் போட்டுத் திருகினால் உள்ளே இருக்கும் மெல்லிய ஊசிகள் வளையும், அதற்கப்புறம் செலவு. மாறாக, மோட்டார் விர்ரென்று சுற்றும் சத்தம் கேட்கிறது, சக்கரம் நகரவில்லை என்றால் உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். மோட்டார் உண்மையிலேயே கெட்டுப்போகும் சில இடங்களில் அது ஒன்று. அதுகூட மோட்டாரையே மாற்றாமல் பல்சக்கரத்தை மட்டும் மாற்றிச் சரிசெய்யக் கூடியதே.

பேட்டரியும் நம் வெயிலும்

மோட்டாருக்கு வயது ஆகாது, பேட்டரிக்கு ஆகும். அதை வேகமாக ஆக்குவது வெயில். கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. கறுப்பு உறை போட்ட பேட்டரியை நடு மதியம் வெட்டவெளியில் நிறுத்தினால் அது காற்றின் வெப்பத்தையும் தாண்டிச் சூடாகும். லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அப்படியானால் மே மாதம் மதியம் ஓட்டிவிட்டு வந்து, வியர்வையைத் துடைத்த கையோடு சார்ஜரை மாட்டுவது பேட்டரியின் ஆயுளை நீங்களே கிள்ளி எடுப்பதுதான். உள்ளே கொண்டுபோய், நிழலில், தரையில் வையுங்கள். தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும், அப்புறம் மாட்டலாம். கோடை முழுக்க ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போடும் பழக்கம் நல்லது: வெயிலும் தணிந்திருக்கும், நீங்களும் விழித்திருப்பீர்கள். தூங்கும்போது சார்ஜ் வேண்டாம். வாசலை மறிக்கும் இடத்திலும் வேண்டாம்.

முழு சார்ஜோடு பல நாள் சும்மா வைப்பதும் கெடுதல், அடியோடு காலியாக வைப்பதும் கெடுதல். ஊருக்குப் போகிறீர்கள், ஒரு மாதம் வண்டி எடுக்க மாட்டீர்கள் என்றால் பாதி அளவில், வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வைத்துவிட்டுப் போங்கள். தகரக் கூரை போட்ட வண்டி ஷெட் அதற்கான இடம் அல்ல.

மின்னழுத்தம் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்கிவையுங்கள். விலை குறைந்ததே போதும். 36 வோல்ட் பேட்டரி என்று எழுதியிருந்தாலும் முழு சார்ஜில் அது 42 வோல்ட் காட்டும், பாதியில் 36, 37 வரும், 30, 31-க்கு வரும்போது வண்டி தானாக நின்றுவிடும். உள்ளே பத்து வரிசை செல்கள்; ஒவ்வொன்றும் முழு சார்ஜில் 4.2 வோல்ட் என்று கணக்கு. மீட்டரை டிசி 200 வோல்ட் அளவில் வைத்து, இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடாதபடி கவனமாக அளவிடுங்கள். சார்ஜர் பச்சை காட்டிய பிறகும் பேட்டரி 39 வோல்ட்டில் நிற்கிறது என்றால் சார்ஜரைத் தனியாக அளந்து பாருங்கள். அது 42 தருகிறது என்றால் பேட்டரிக்குள் ஏதோ ஒரு வரிசை பின்தங்கியிருக்கிறது. கடைக்குக் கொண்டுபோகும் நேரம் வந்துவிட்டது.

சமதளத்தில் பேட்டரி பாதிக்கு மேல் காட்டுகிறது, மேட்டில் ஏறியதும் ஒரேயடியாக அணைந்துவிடுகிறது, நின்று மறுபடி ஆன் செய்தால் பாதி காட்டுகிறது. இதைப் பார்த்துவிட்டுக் கனெக்‌ஷன் லூஸ் என்று ஒயர் ஒயராகத் தேடுவார்கள். லூஸாகவும் இருக்கலாம்தான். ஆனால் வயதான பேட்டரியின் சுபாவமே இதுதான். பேட்டரிக்குள் இருக்கும் தடை வயதோடு கூடுகிறது. மேட்டில் மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. பிஎம்எஸ் பயந்து கதவைச் சாத்துகிறது. இழுப்பு நின்றதும் மின்னழுத்தம் எழுந்துகொள்கிறது. உதவி அளவைக் குறைத்து அதே மேட்டை ஏறிப் பாருங்கள். அணையாமல் ஏறினால் குறை பேட்டரியில் என்று அனேகமாகச் சொல்லிவிடலாம்.

இதை ஏலகிரிக் கணக்கு ஒன்றோடு பார்க்கலாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், அடிவாரத்திலிருந்து சுமார் 700 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் வண்டியும் பையும் சேர்ந்து 100 கிலோ. 100 கிலோவை 700 மீட்டர் தூக்க ஏறத்தாழ 190 வாட்-அவர் ஆற்றல் வேண்டும். இது வெறும் தூக்குகிற கணக்கு, எந்த வண்டியாலும் இதைக் குறைக்க முடியாது. மோட்டாரின் சூடு, டயர் உராய்வு எல்லாம் சேர்த்தால் 270, 280 ஆகிவிடும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 360. ஆக, நீங்கள் கொஞ்சமும் மிதிக்காமல் த்ராட்டிலிலேயே ஏறினால் கோயம்பேட்டில் பஸ் பிடித்தவன்போல உட்கார்ந்து மேலே போய்ச் சேரலாம் என்று காகிதம் சொல்கிறது. ஆனால் வேலூரிலிருந்தே ஓட்டிக்கொண்டு வந்து, வாணியம்பாடி தாண்டும்போதே பாதி காலியாகியிருந்தால் நடு வளைவில் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பாதி வேலையை உங்கள் கால் செய்தால் அதே மலைக்கு 140 போதும். பேட்டரி சின்னதாக உள்ளவர்கள் இந்தப் பெருக்கலைக் கிளம்பும் முன்பே போட்டுப் பார்த்துவிடுவது உத்தமம்.

மேட்டில் மோட்டாரைக் காப்பாற்றவும் கால்தான் வேண்டும். ஹப் மோட்டாருக்குக் கியர் மாற்றத் தெரியாது. 25 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்றபடி செய்த மோட்டாரை 7, 8 கிலோமீட்டரில் முக்கி முனகவிட்டால், உள்ளே போகும் மின்சாரத்தில் சூடாக வீணாகும் பங்கு ஏறிக்கொண்டே போகும். நைலான் பல்சக்கரம் உருகுவதும் தேய்வதும் அங்கேதான். சின்னக் கியருக்கு இறங்கி, வேகமாக மிதித்து, சக்கரத்தைச் சுழலவிடுங்கள். உருளை தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டால் வளைவில் நிறுத்தி ஆறவையுங்கள். அந்த வளைவுகளுக்கெல்லாம் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், படித்துக்கொண்டிருக்கலாம்.

மிட் டிரைவ் வண்டிக்கு இந்தக் கஷ்டம் குறைவு, ஏனென்றால் மோட்டாரின் பலமும் செயின் வழியாகவே போகிறது, கியர் உதவுகிறது. அதற்குப் பதிலாகச் செயின் சீக்கிரம் தேயும். அளப்பதற்குத் தனிக் கருவி உண்டு. இல்லாதவர்கள் எஃகு அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து (இணைப்புகளைப் பிடித்திருக்கும் சின்ன ஆணி), அதைச் சேர்க்காமல் எண்ணினால், இருபத்து நான்காவது பின் சரியாக 12 அங்குலத்தில் இருக்கும். அது பதினாறில் ஒரு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு அங்குலம் தள்ளும்வரை ஓட்டினால் பின்னால் இருக்கும் கேசட் என்ற பல்சக்கர அடுக்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். மேட்டில் கியர் மாற்றும்போது ஒரு நொடி மிதிப்பதைத் தளர்த்துவதும் செயினுக்குச் செய்யும் உபகாரம்.

முள்

முள்ளு கத்தரிக்காய்க்கே 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் இது. டயர் விஷயத்தில் முள்ளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கத்தான் வேண்டும். ஏரிக்கரை, பாலாற்றங்கரை, எங்கே இறங்கினாலும் வேலிகாத்தான் முள்ளும் நெருஞ்சியும் காத்துக்கொண்டிருக்கும். வேலிகாத்தான் முள் குத்தி நிற்பதோடு விடாது; உள்ளே போய் நுனி ஒடிந்து ரப்பரோடு தங்கிவிடும்.

ஹப் மோட்டார் உள்ள பின்சக்கரம் பஞ்சரானால் ரோட்டோரக் கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "கரண்டு வண்டியா? வேணாம் சார், ஒயரு அறுந்துட்டா என் தலைல வுழும்." அவர் பயம் நியாயமானது. ஆனால் சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் போடலாம், அதை அவரிடம் சொல்லலாம், நாமே போடவும் செய்யலாம். முள் எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். டயரைச் சுற்றி மெதுவாகத் தடவினால் தெரியும். அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் தூரம் டயரின் ஒரு ஓரத்தை மட்டும் நெம்பி வெளியே எடுங்கள். டியூபை அந்த இடத்தில் மட்டும் வெளியே இழுங்கள். உரசி, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்து, பேட்ச் ஒட்டி அழுத்துங்கள். டியூபை உள்ளே தள்ளும் முன் பழைய பருத்தித் துணி ஒன்றை டயரின் உட்பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டு போங்கள். ஒடிந்த நுனி இருந்தால் துணி அங்கே சிக்கும். விரலால் தேடினால் விரலில் ஏறும்; துணிக்கு வலிக்காது. இந்தத் துணி வேலையைச் செய்யாதவர்கள் அதே ஓட்டையை அரை மணி நேரத்தில் மறுபடி ஒட்டுவார்கள்.

சக்கரத்தைக் கழற்றியே தீர வேண்டும் என்றால் முதலில் பேட்டரியை எடுங்கள், மோட்டார் ஒயர் கனெக்டரை நேராக இழுத்துப் பிரியுங்கள், நட்டைக் கழற்றும் முன் வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போனில் ஒரு படம் எடுங்கள். அவற்றில் ஒரு வாஷருக்குக் கொக்கி மாதிரி ஒரு நீட்டம் இருக்கும். மோட்டார் சுழலும்போது அச்சு எதிர்ப்பக்கம் திரும்பாமல் தடுப்பது அதுதான். அதை மறந்தாலோ, நட்டு லூஸாக இருந்தாலோ அச்சு தானே சுற்றி ஒயரை முறுக்கி அறுத்துவிடும். மாட்டி முடித்த பின் ஒயர் அச்சுக்குக் கீழே கொஞ்சம் தொங்கி மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். அந்த வளைவு இருந்தால் மழைநீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு மோட்டாருக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் என்ற திரவம் ஊற்றிய டயர் நம் முள்ளுக்கு நல்ல பதில். என்னைக் கேட்டால், மற்ற எந்த அலங்காரத்துக்கும் முன் அதற்குத்தான் செலவழிக்கச் சொல்வேன். ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து தோலாகிவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். காற்றழுத்தம் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எல்லைக்குள் இருக்கட்டும். இந்த வண்டிகள் சாதாரணச் சைக்கிளைவிட கனம், அதனால் அளவுக்கு மீறிக் காற்று குறைந்தால் கல்லில் மோதி டியூப் விளிம்போடு நசுங்கும்.

இறக்கமும் தண்ணீரும்

ஏறியவர் இறங்கவும் வேண்டும். கனமான வண்டி, நீண்ட இறக்கம், பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வந்தால் பிரேக் தட்டு (டிஸ்க்) சூடேறிப் பிடிப்புக் குறையும். வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விடுங்கள். கீழே வந்ததும் தட்டைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். பிரேக் கட்டையில் உராயும் பொருள் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், தட்டின் குறைந்தபட்சத் தடிமன் அதன்மேலேயே பொறித்திருக்கும். செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே ஒரு துளி தட்டில் பட்டாலும் பிரேக் கத்தும், பிடிக்காது. எண்ணெய் பிரேக் என்றால் உங்களுடையது மினரல் ஆயிலா, டாட் திரவமா என்று தெரிந்துகொண்டு அதையே ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிக் கெடும்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. மழையில் ஓட்டலாம். பைக்குகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் கொடுத்து பிரஷர் பம்பால் அடிக்கச் சொல்லக் கூடாது. அந்த வேகத்தில் தண்ணீர் பேரிங்குக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் போகும். வாளித் தண்ணீரும் துணியும் போதும். பேட்டரியைக் கழற்றிய பின் கழுவுங்கள், தகடுகளில் ஈரம் காய்ந்த பின் மாட்டுங்கள். பச்சை பூத்த தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். தண்ணீர் இல்லாத ஆறு என்று பேர் வாங்கியிருந்தாலும் 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை ஊரே பார்த்தது. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது அச்சு மூழ்கும் ஆழத்தில் வண்டியை இறக்காதீர்கள். பேட்டரி தண்ணீரில் மூழ்கிவிட்டால் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் சார்ஜ் போடக் கூடாது.

பேட்டரி உறை உப்பியிருக்கிறது, இனிப்பான ஒரு ரசாயன வாடை வருகிறது, சும்மா இருக்கும்போதே சூடாகிறது: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அதோடு ஓட்டம் முடிந்தது. வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். "செல் மட்டும் மாத்தித் தரேன்" என்று சொல்கிறவரிடம், புதுச் செல்களும் பழைய செல்களும் ஒரே பெட்டிக்குள் கலக்குமா என்று கேளுங்கள். கலக்கும் என்றால் வேண்டாம். பேட்டரியைத் திறப்பதும், கன்ட்ரோலரைப் பிரிப்பதும் வீட்டு வேலைகள் அல்ல.

கடைக்குப் போகும்போது திரையில் வந்த எண், அப்போது பேட்டரி எத்தனை கட்டம் காட்டியது, மேடா சமதளமா, மழை பெய்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஏதாவது சத்தம் வந்தால் போனில் பத்து வினாடி பதிவு செய்துவிடுங்கள். கடை வாசலில் போய் நிறுத்தியதும் அந்தச் சத்தம் வராது.